வேறு வைத்த அடுப்பு

கேட்கலாம், சொல்லக் கூடாது. எழுபத்திரண்டாம் வருஷம் எனக்குக் கிடைத்த வேலை அதுதான். காசநோயைப் பற்றி ஜனங்களுக்கு என்ன தெரியும், தெரிந்ததை வீட்டில் எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு மார்க் போட வேண்டும். தப்பாகச் சொன்னால் திருத்தக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. "நாம அளக்கப் போறோம்மா, பாடம் நடத்தப் போகலை. சொல்லிக் கொடுத்துட்டு மார்க் போட்டா அது உங்க மார்க், ஜனங்க மார்க் இல்லை" என்று மதராஸிலிருந்து வந்த மேலதிகாரி எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்கோ பிறந்ததிலிருந்து வாய் அடங்காது. காளையார்கோவிலில் என் அண்ணி என்னோடு பேச்சை நிறுத்தியதே இந்த வாயால்தான். என்னைத் தேடிப் பிடித்து இந்த வேலையைக் கொடுத்தார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

முதலில் புதுவயல் அரிசி ஆலைகளில் ஆரம்பித்தேன். காசநோய் எதனால் வருகிறது என்றால், தவிட்டுத் தூசியால் என்றார் ஒருவர். பார்க்கக் கூடாததைப் பார்த்தால் வரும் என்றார் இன்னொருவர். பெத்தன் என்று ஒரு மூட்டை தூக்கும் ஆள், லாரியிலிருந்து மூட்டையை இறக்கிவிட்டு வந்து நின்று, "வேலை பாத்தா வரும், சோறு தின்னாப் போகும். இதக் கேக்கவா கவருமெண்டு உங்கள இந்த வெயில்ல அனுப்பியிருக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். இருமும்போது வாயை மூட வேண்டுமா என்றேன். "கொட்டாவி விட்டாத்தான் மூடணும், ஈ உள்ள போயிரும்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டேன்.

பொழுது சாய்ந்தால் காரைக்குடிக்குத் திரும்புவேன். ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறை. நாள் முழுக்க ஊராரோடு பேசுகிறவள் என்று பெயர்தான். அச்சடித்த கேள்விகளைத் தவிர ஒரு வார்த்தை யாரோடும் பேசியிருக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சர்வர் "என்ன வேணும்?" என்பார். பல நாள் என்னைப் பார்த்துக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். கல்யாணம் ஆகாமல் முப்பது தாண்டிவிட்ட ஒருத்தியிடம் கேட்பதற்கு ஊருக்கு வேறு கேள்வி இருந்தது. அதற்கு நான் பதில் சொல்வதில்லை.

கோவிலூருக்கு அடுத்த ஊரில்தான் அந்தச் செட்டியார் வீடு. ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம், அவ்வளவு நீளம். அத்தனை பெரிய வீட்டில் என் கண்ணில் பட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் சிகப்பி ஆச்சி. அவருடைய வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் மதராஸில் பேப்பர் வியாபாரம் செய்தார்கள். இன்னொன்று கொழுந்தனாரின் மகள் தேனம்மை. எட்டு வயதிருக்கும், ரெட்டைச் சடை போட்டிருந்தாள்.

"வாங்க நர்சம்மா, இங்குட்டு உக்காருங்க, காத்து வரும்" என்று ஆச்சி விசிறியை நீட்டினார். நான் நர்சு இல்லை. ஆனால் தோளில் பையும் காலில் செருப்புமாக வருகிற பொம்பளை எல்லாம் இந்தப் பக்கத்தில் நர்சம்மாதான். திருத்தி மாளாது.

"டி.பி. எப்படிப் பரவுது ஆச்சி?"

"கிருமியால. நோயுள்ளவுக இருமுனா, தும்முனா காத்துல வரும். பரம்பரையா வர்றதில்ல. பாவம் செஞ்சதால வருதுன்னு சொல்றதெல்லாம் சும்மா."

அடேயப்பா! நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சளியை எங்க துப்பணும்?"

"மூடி போட்ட டப்பாவுல. உள்ள சாம்பல் போட்டு வைக்கணும். அப்புறம் கொளுத்திரணும்."

"காய்ச்சல் நின்னுட்டா மாத்திரையை நிறுத்தலாமா?"

"நிறுத்தப்படாது. டாக்டர் போதும்னு சொல்ற வரைக்கும் விடாமச் சாப்பிடணும்."

தூண் ஓரமாக நின்ற தேனம்மைக்கும் வாய் துறுதுறுத்தது. "இருமுறப்ப துணியால பொத்திக்கணும். அவுக டம்ளர்ல குடிக்கக் கூடாது. கிட்டக்கப் போகக் கூடாது" என்று ஒப்பித்தாள்.

புதுவயலில் நொந்துபோய் வந்தவளுக்குப் பாயசம் கிடைத்த மாதிரி இருந்தது. எல்லாக் கேள்விக்கும் முழு மார்க். அப்படி ஒரு வீட்டை நான் அதுவரை பார்க்கவில்லை. "யாரு ஆச்சி இவ்வளவும் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன். என் தாளில் இல்லாத கேள்வி அது.

"வீட்டுக்குள்ளயே வந்துச்சுல்ல, பெறகு படிக்காம இருக்க முடியுமா? இவ ஆத்தாளுக்குத்தான். எங்கொழுந்தன் பெண்டாட்டி மெய்யம்மை. இவ அப்பப் பால்குடிப் பிள்ளை. நோயாளியத் தனியா வைங்கன்னு டாக்டர் சொன்னாக. சரின்னு நல்ல நாள் பாத்து வேறு வச்சுட்டோம்."

வேறு வைப்பது அவர்கள் வழக்கம். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வீட்டில் ஒரு பக்கம் தனி அடுப்பு மூட்டி, பாத்திர பண்டம், அரிசி பருப்பு கொடுத்து, இனி உங்கள் சமையல் உங்களோடு என்று விட்டுவிடுவார்கள். அதில் சண்டை சச்சரவு கிடையாது. நல்ல நேரத்தில் பால் காய்ச்சி, சந்தோஷமாகச் செய்கிற காரியம். டாக்டர் சொன்னது சில மாதங்களுக்கு. இவர்களுக்குத் தெரிந்த 'தனி' இது ஒன்றுதான். அதைக் குறையில்லாமல் செய்திருக்கிறார்கள்.

"இப்ப அவுகளுக்கு எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, தேவலையாயிருச்சு. டாக்டர் மாத்திரைய நிறுத்தச் சொல்லியே வருசக்கணக்காச்சு. மூணாங்கட்டுல இருக்கா. அவகிட்டயும் கேக்கணும்னா போயிக் கேளுங்க. ரொம்பக் கிட்டப் போயிராதீக."

விசிறிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. ஆச்சி அதைக் கவனிக்கவில்லை. எங்கள் விதிப்படி ஓர் அடுப்பு ஒரு குடும்பம். மெய்யம்மைக்குத் தனித் தாள் எடுத்துக்கொண்டு, தாழ்வாரம் தாழ்வாரமாகக் கடந்து பின்னால் போனேன். நடுவில் எத்தனையோ அறைகள், எல்லாம் பூட்டிக் கிடந்தன.

மூன்றாங்கட்டில் அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவள். என்னைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள். "வாசப்படியிலயே உக்காருங்க. எந்திரிச்சுப் போனதும் கைகால் கழுவிக்கங்க" என்றாள். பக்கத்தில் ஒரு சின்ன அடுப்பு, அதன் மேல் ஒரு சின்னச் சட்டி. ஒருத்தி சாப்பிடுகிற சோறு எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா என்ன?

கேட்க ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் ஒரு வார்த்தையில் சொல்ல வேண்டியதை இழுத்து இழுத்துச் சொன்னாள். கிருமி எப்படி இருக்கும், எக்ஸ்ரேயில் அது எப்படித் தெரியாது, சளியைப் பார்த்தால்தான் எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்காததையும் சொன்னாள். கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. நான் சீக்கிரம் எழுந்து போய்விடக் கூடாது, அதற்காக அந்த இழுப்பு.

"முடிஞ்சுச்சா? இன்னும் கேள்வி இல்லையா?" என்றாள்.

"இல்லைங்க ஆச்சி." செட்டியார் வீடுகளில் வயதில் சின்னவளும் ஆச்சிதான்.

"ஒண்ணை விட்டுட்டீகளே."

"எதை?"

"எப்ப ஒட்டாமப் போகும்னு நீங்க கேக்கலையே."

நான் தாளைப் புரட்டிப் பார்த்தேன். முன்னும் பின்னும் பார்த்தேன். எப்படி ஒட்டும் என்று இருந்தது. எதனால் ஒட்டும், யாருக்கு ஒட்டும் என்று இருந்தது. அது மட்டும் இல்லை.

"குணமாயிருச்சு, மாத்திரை போதும்னாரு டாக்டர்" என்று அவளே சொன்னாள். "குணம்னா எனக்குக் குணம். அடுத்தவுகளுக்கு ஒட்டாதுன்னு அவரு சொல்லலையே. டாக்டரக் கேட்டு வரச் சொல்லிப் பெரிய ஆச்சி வீட்டுக்காரவுககிட்டச் சொன்னேன். வியாபார அவசரத்துல மறந்துட்டாக. நானே போகலாம்னா, பஸ்ஸுல நாலு பேருக்குப் பக்கத்துல எப்படி உக்காருறது? எங்க வீட்டுக்காரவுக தீபாவளிக்கு வருவாக. நீங்க உக்காந்திருக்கீகளே, அந்த இடத்துல நின்னு பேசிட்டுப் போவாக."

"பிள்ளை?"

"அவளும் அங்கதான் நிப்பா. கெட்டிக்காரி. சொன்னா சொன்னபடி கேப்பா." முறத்தைக் கீழே வைத்தாள். "வைகாசி கழிஞ்சதும் அவள மதராசுக்குக் கூட்டிட்டுப் போறாக, அங்க பள்ளிக்கூடத்துல சேக்க. பால்குடி மறக்கடிச்சதோட சரி, நான் அவளத் தொட்டதில்ல. போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அணைச்சுப் பாக்கணும் நர்சம்மா. அது கூடுமா, கூடாதா? உங்களுக்குத் தெரியாம இருக்காது. எதுவா இருந்தாலும் சொல்லிருங்க, நான் கேட்டுக்கிறேன்."

மேலதிகாரி சொன்னது என் காதில் ஒலிக்காமல் இல்லை. ஒலித்தால் என்ன? பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன்.

"மாத்திரையை முழுசாச் சாப்பிட்டு, சளியில கிருமி இல்லைன்னு ஆயிட்டா யாருக்கும் ஒட்டாது ஆச்சி. உங்களுக்கு எத்தனையோ வருசத்துக்கு முன்னாலயே ஒட்டாமப் போயிருக்கும். சந்தேகமா இருந்தா இன்னொரு வாட்டி சளியைச் சோதிச்சுப் பாத்துருவோம். நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஆறுதலுக்குச் சொல்றீகளா?"

"எனக்கு ஆறுதல் சொல்லவெல்லாம் தெரியாது. எங்க அண்ணியக் கேட்டுப் பாருங்க."

முந்தானைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. சிரித்தால் கூடப் பரவிவிடுமோ என்று பயந்தாள் போல. எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், முன்கட்டுக்கு வந்து சிகப்பி ஆச்சியிடம் கத்தினேன்.

"குணமானவளைப் போயி இத்தனை வருசமா இப்படி வச்சிருக்கீகளே, மனசு எப்படி வந்துச்சு?"

ஆச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா பேசுறீக? தனியா வைங்கன்னாக, வச்சோம். சேத்துக்கங்கன்னு யாராச்சும் வந்து சொன்னாகளா? நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். அதுல ஒண்ணாச்சும் தப்பா? சொல்லுங்க பாப்போம்."

"இல்ல ஆச்சி. எல்லாம் சரி."

"அப்பறம்? அவ பிள்ளைய நான் தலைவாரிப் பூ முடிச்சு விடுறப்ப, அவ தூரத்துல நின்னு பாத்துட்டிருப்பா. எனக்கு மட்டும் வயிறு எரியாதா? ஆனா பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? வேறு வச்ச அடுப்பத் திரும்பச் சேத்ததா எங்க பக்கத்துல கேள்விப்பட்டதுமில்லையே." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும். நானே போயிக் கையப் பிடிச்சுக் கூட்டியாறேன்."

அந்த வீட்டில் கெட்டவர்கள் யாராவது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

அந்த வாரமே மெய்யம்மையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் கடைசி சீட்டில், ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டியபடி வந்தாள். சளி கொடுத்தாள், எக்ஸ்ரே எடுத்தார்கள். முடிவு வாங்க இன்னொரு நாள் போனோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பழைய தழும்பு மட்டும் இருக்கிறது, கிருமி இல்லை, எல்லோரோடும் இருக்கலாம், பிள்ளையைக் கொஞ்சலாம் என்று சொன்னார். அதையே தாளிலும் எழுதிக் கொடுத்தார். மெய்யம்மை அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். அவர் சலித்துக்கொள்ளாமல் திருப்பித் திருப்பிச் சொன்னார், நல்ல மனுஷர்.

திரும்பி வருகிற பஸ்ஸில் முந்தானையை இறக்கிவிட்டாள். அன்றைக்குத்தான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன். மேலுதட்டில் சின்னதாக ஒரு மச்சம் இருந்தது. நடுவழியில் என் பக்கம் திரும்பி, "நீங்க சாப்பிட்டீகளா? உங்களுக்குன்னு யாரு சமைக்கிறது?" என்று கேட்டாள். ஓட்டல் என்றேன். "எங்க வீட்டுக்கு வாங்க, நான் ஆக்கிப் போடுறேன்" என்று சொன்னவள், தான் சொன்னதையே நம்பாதவள் மாதிரி என் முகத்தைப் பார்த்தாள்.

மேலதிகாரியிடமும் நடந்ததைச் சொன்னேன். மறைக்கிற புத்தி எனக்கு இல்லை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சொல்லிக் கொடுத்துட்டீங்களே! அந்த வீட்டைக் கணக்குல சேக்க முடியாது. நல்ல மார்க் வாங்கின ஒரே வீடும் போச்சு."

"அந்த வீட்டை அடிச்சிருங்க சார். அந்த ஒரு கேள்வியை மட்டும் தாள்ல சேத்துருங்க."

"தாள் அச்சாகி வந்துருச்சேம்மா" என்றார்.

சிகப்பி ஆச்சி சொன்ன சொல் மாறவில்லை. வளர்பிறையில் ஒரு நல்ல நாள் பார்த்து எனக்கும் சொல்லியனுப்பினார். அடுப்பைத் திரும்பச் சேர்ப்பதற்கு என்ன முறை என்று யாருக்கும் தெரியவில்லை. "எதுக்கும் பாலைக் காச்சி வைப்போம்" என்று காய்ச்சி வைத்தார். பிறகு மூன்றாங்கட்டுக்குப் போய், சொன்னபடியே மெய்யம்மையைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மெய்யம்மை தலைக்குக் குளித்து, மஞ்சள் கரை போட்ட புதுப்புடவை கட்டியிருந்தாள். நடு முற்றத்தைச் சுற்றியிருந்த தாழ்வாரத்துக்கு வந்ததும், எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள். தன் வீட்டில் விருந்தாளி மாதிரி நின்றாள்.

"தேனு, போத்தா. ஒங்க ஆத்தாகிட்டப் போ. இனிமே ஒண்ணும் செய்யாது, டாக்டரே எழுதிக் கொடுத்துட்டாரு" என்று ஆச்சி பிள்ளையின் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

தேனம்மை என்னைப் பார்த்தாள். "ஆமா கண்ணு, ஒட்டாது, போ" என்றேன்.

சொன்னபடி கேட்கிற பிள்ளை. நேராக நடந்து போய் ஆத்தாள் முன்னால் நின்றாள். மெய்யம்மை அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவளை வாரி அணைத்துக்கொண்டாள். "ஏம் மகளே, ஏம் மகளே" என்று என்னென்னவோ சொல்லி அவள் தலையை முகர்ந்தாள், கன்னத்தில் கன்னத்தை வைத்துத் தேய்த்தாள். சிகப்பி ஆச்சி விக்கி விக்கி அழுதார். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? இந்த வேலைக்கு வந்ததற்கு இது ஒன்று போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பிள்ளையின் முகம் நன்றாகத் தெரிந்தது. ஆத்தாளின் தோளுக்கு மேலே இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. உதட்டை இறுக்கி மூடியிருந்தாள், கண் பிதுங்கியது. அழுகையை அடக்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முகம் சிவந்து, நெற்றியில் நரம்பு எழும்பியபோதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முன்னாலேயே மெய்யம்மைக்குத் தெரிந்துவிட்டது. மார்போடு அணைத்திருந்தவளுக்குத் தெரியாமல் போகுமா? முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. பிள்ளையை மெள்ள விட்டாள். தன் முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போத்தா" என்றாள். "முற்றத்துக்குப் போயி மூச்சு விட்டுக்க."

தேனம்மை ஓடினாள். முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய், வெயிலில் நின்று மூச்சை விட்டாள். பெரிய வீடு, ஆள் இல்லாத வீடு, அந்தச் சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகக் கேட்டது. பிறகு அவள் அங்கேயே மூச்சிரைக்க நின்றுகொண்டு, எல்லாம் சரியாகச் செய்துவிட்டேனா என்று கேட்பது போல என்னைப் பார்த்தாள்.